முறைநீரில் வளர்ந்த சமூகம்: தான்சானியாவின் பாரே மக்கள்

தார் எஸ் சலாமிலிருந்து மோஷி செல்லும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், பாரே மக்களின் நாட்டைப் பார்த்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள். ஹெடாரு, மகான்யா, சாமே, முவாங்கா என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். சாலையின் இருபுறமும் முள்மரம், செம்மண் புழுதி, வரிசைபிடித்து நிற்கும் நார்க்கற்றாழை. வறண்ட பூமி என்று முடிவு கட்டிவிட்டு, கிளிமஞ்சாரோவின் பனிமுடி தெரிகிறதா என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். பாரே மக்களின் வரலாறு பெரும்பாலும் நடந்தேறியது வலப்பக்க ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாக எழும்பி நிற்கும் மலைமேல். கீழேயிருந்து பார்த்தால் அங்கே ஊர்கள் இருப்பதே தெரியாது.

தான்சானியாவின் வடகிழக்கில், கிளிமஞ்சாரோவுக்கும் உசம்பாரா மலைகளுக்கும் இடையில் கிடக்கிறது பாரே மலைத்தொடர். வட பாரே முவாங்கா மாவட்டத்திலும் தென் பாரே சாமே மாவட்டத்திலும் உள்ளன. தென் பாரேயின் ஷெங்கேனா சிகரம் 2,462 மீட்டர் உயரம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரு மாவட்டங்களிலும் சேர்த்துச் சுமார் நான்கரை லட்சம் பேர். இவர்களில் மற்ற இனத்தவரும் உண்டு. பாரே மக்களிலோ நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். பெரும்பாலோரின் தாய்மொழி சாசு என்னும் பாண்டு மொழி. வடக்கில் உக்வேனோ பகுதியில் மட்டும் குவேனோ பேசப்படுகிறது. அது கிளிமஞ்சாரோவின் சாகா மொழிகளுக்கு நெருங்கிய உறவு. வீட்டுக்கு வெளியே எல்லோரும் சுவாஹிலி பேசுகிறார்கள்.

சமவெளியில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான் பெய்கிறது, அதுவும் நம்ப முடியாத மழை. அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலையில் அதைப்போல இரு மடங்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வூலி என்னும் சிறுமழை, மார்ச் முதல் மே வரை மசிகா என்னும் பெருமழை. மலையில் வாழை, காபி, அவரை, கரும்பு, சேம்பு. அடிவாரத்தில் மக்காச்சோளமும் மொச்சையும். ஒரே குடும்பத்துக்கு மேலே ஒரு துண்டு நிலமும் கீழே ஒரு துண்டு நிலமும் இருப்பது இங்கே பழைய வழக்கம். ஓரிடத்தில் மழை பொய்த்தால் மற்றொரு இடம் கைகொடுக்கும். ஆடும் மாடும் மலையில் பெரும்பாலும் கொட்டிலிலேயே நிற்கும். தீவனத்தை அறுத்துச் சுமந்து வருகிறார்கள், சாணம் வாழைக்குப் போகிறது.

தான்சானியாவில் பாரே மக்களைப் பற்றி இரண்டு கேலிகள் உலவுகின்றன. கஞ்சர்கள் என்பது ஒன்று. கோழி ஒன்றைப் பற்றிய வழக்குக்காக மாட்டை விற்று நீதிமன்றம் ஏறுவார்கள் என்பது மற்றொன்று. உறவுமுறையைப் போலவே இனங்களுக்கிடையே கேலிமுறையும் வழங்கும் நாடு அது. சாகா மக்களும் பாரே மக்களும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதில் பகை இல்லை. ஆனாலும் இந்தக் கேலிகளை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஓடையில் விரற்கடை அளவு ஓடும் நீரை நாற்பது ஐம்பது வயல்களுக்குப் பங்கிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெருஞ்சண்டையின்றிச் சமாளித்த மக்கள் கணக்குப் பார்ப்பவர்களாக இல்லாமல் வேறு எப்படி இருக்க முடியும்? தன் முறை தவறிப்போனால் கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் விட்டவனின் வயல் காயும். நியாயத்துக்காக வாதாடும் பழக்கம் அங்கே பிழைப்போடு பிறந்தது.

அந்தப் பங்கீட்டின் நடுவே இருப்பது என்டிவா என்னும் சிறு குட்டை. மலைச்சரிவில், ஓடைக்குப் பக்கவாட்டில், மண்ணாலும் கல்லாலும் கரை கட்டி அமைத்தது. பல குட்டைகள் அவற்றை வெட்டிய குலத்தின் பெயரையோ மூத்தவரின் பெயரையோ இன்றும் தாங்கி நிற்கின்றன. ஓடையின் குறுக்கே கல், கொப்பு, மண் கொண்டு ஒரு தடுப்பு. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் வரும். வாய்க்கால் குட்டையில் வந்து விழும். குட்டைக்குக் கீழே படிப்படியாக வயல்கள்.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. கோடைக்காலத்தில் ஓடைநீரை அப்படியே வாய்க்காலில் விட்டால், மெல்லிய ஒழுக்காக ஊர்ந்து வழியிலேயே மண்ணில் சுவறிவிடும், கடைவயலுக்கு எட்டாது. அதே நீரை இரவெல்லாம் குட்டையில் தேக்கிவைத்து விடியற்காலையில் மடையைத் திறந்தால், மொத்தமாகப் பாய்ந்து கடைசிப் பாத்தி வரை போய்ச் சேரும். இருட்டில் மலைச்சரிவில் மண்வெட்டியோடு நீர் கட்டும் ஆபத்தும் இல்லை. முறைக்காரர் அதிகாலையிலேயே வந்து காத்திருப்பார். மடை திறந்ததும் நீருக்கு முன்னால் வாய்க்கால் ஓரமாக நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண் அப்பி, அடுத்தவர் வயலுக்குப் பிரியும் வாயை அடைத்து, தன் வயலின் வாயைத் திறந்துவிடுவார். குட்டை வற்றினால் அவர் முறை முடிந்தது. மாலையில் மடையை மறுபடி அடைக்க வேண்டும், மறுநாள் முறைக்காரருக்காக.

இதைக் காப்பது எம்சரகம்போ என்னும் கூட்டுவேலை. ஊருக்கு அழைப்பு வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்துசேர வேண்டும். குட்டையின் வண்டலை அள்ளுவது, வாய்க்காலைத் தூர்வாருவது, பெருமழையில் அடித்துப்போன தடுப்பை மறுபடி கட்டுவது எல்லாம் இதில் அடக்கம். சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம் கட்டவும் இதே அழைப்புதான். வராதவருக்கு அபராதம், சில இடங்களில் நீர்முறையும் பறிபோகும். வெளியிலிருந்து வந்த வளர்ச்சித் திட்டங்கள் பலவும் பின்னாளில் “மக்கள் பங்கேற்பு” என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க முயன்றதை இவர்கள் எந்தப் பயிற்சி முகாமும் இல்லாமல் செய்துவந்தார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பொன்னுலகமாகச் சித்திரிக்கவும் கூடாது. முறை பெரும்பாலும் ஆண்களின் பெயரில், குட்டை வெட்டிய குலத்துக்கு முதலிடம் கொடுத்து வந்தது. வயல்வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. நீர் பற்றிய முடிவில் அவர்களுக்குப் பங்கு குறைவு. தாமதமாக வந்து குடியேறியவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் இடையே உரசல் இல்லாத காலம் கிடையாது. மகான்யா ஓடையில் இதைத் தெளிவாகக் காணலாம். மேலே வூடீ, இந்தோல்வா ஊர்கள், நடுவே பங்கலாலா, அடிவாரத்தில் மகான்யா. மேலே குடும்பங்கள் பெருகி, நிலம் பிரிந்து, குட்டைகள் கூடக்கூட, அடிவாரத்துக்கு வந்துகொண்டிருந்த நீர் நின்றுபோனது. மகான்யாவில் இன்று உழவு என்றால் வெள்ளத்தை எதிர்பார்த்துச் செய்யும் உழவு. மலையில் கொட்டும் மழை செந்நீராக இறங்கும்போது, அதை வாய்க்கால்களில் திருப்பி வயலில் பரப்பிவிடுகிறார்கள். வண்டலும் ஈரமும் சேர்ந்து மக்காச்சோளத்தை விளைவிக்கின்றன. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை இருப்பதால், பல தகராறுகள் பெரியவர்களின் பேச்சிலேயே தீர்ந்தன.

நீருக்கு அடுத்து இரும்பு. வட பாரேயின் ஓடைகளில் கருமணல் கிடைக்கும். இரும்புச்சத்து மிகுந்த அந்த மணலைச் சலித்து, மரக்கரியோடு உலையிலிட்டு, துருத்தி ஊதி உருக்கினார்கள். இந்தத் தொழில் ஷானா குலத்தவரின் கையில் இருந்தது. மண்வெட்டித் தகடு, ஈட்டிமுனை, கத்தி எல்லாம் மலையிறங்கிக் கிளிமஞ்சாரோ வரை போயின. வாய்மொழி வரலாற்றின்படி உக்வேனோவில் முதலில் ஆதிக்கம் செலுத்தியவர்கள் இந்தக் கொல்லர்களே. பிறகு சுயா குலத்தவர் அவர்களை வீழ்த்தி ஓர் அரசை அமைத்தார்கள். அந்த அரசு இளைஞர்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று பயிற்சியும் சடங்கும் நடத்தும் வழக்கத்தைத் தன் நிர்வாகக் கருவியாகவே ஆக்கிக்கொண்டது. 1960-களில் முதியவர்களைத் தேடிச் சென்று இந்த வரலாற்றைத் தொகுத்தவர் வரலாற்றாசிரியர் இசாரியா கிமாம்போ. அவர் உழைப்பு இல்லையென்றால் இதில் பெரும்பகுதி முதியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஷானா, சுயா குலப்பெயர்கள் இன்னமும் எம்ஷானா, எம்சுயா என்று குடும்பப்பெயர்களாக வாழ்கின்றன. 1980 முதல் 1983 வரையிலும் மறுபடி 1994, 95-லும் தான்சானியாவின் பிரதமராக இருந்த கிளியோப்பா எம்சுயா, முவாங்கா மாவட்டத்து உசாங்கிக்காரர்.

தெற்கே இவ்வளவு பெரிய அரசு உருவாகவில்லை. சிறுசிறு தலைமைகள்தான். எம்பாகா பகுதித் தலைவர்களின் செல்வாக்கு மழை வருவிக்கும் சடங்கில் ஊன்றியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரையிலிருந்து வந்த வணிகக் கூட்டங்கள் யானைத்தந்தத்தோடு மனிதர்களையும் வாங்கத் தொடங்கியபோது, சிதறிக் கிடந்த இந்தத் தலைமைகள் மோசமாக அடிபட்டன. மசிண்டேயில் கோட்டை அமைத்திருந்த உசம்பாராத் தலைவர் செம்போஜாவின் ஆட்கள் சமவெளியில் சூறையாடினார்கள். மக்கள் மலையின் உள்மடிப்புகளுக்கு நகர்ந்தார்கள். குகைகளில் ஒளிந்து பிழைத்த கதைகள் இன்னும் சொல்லப்படுகின்றன.

புனிதக் காடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாரே மலையில் ஊருக்கு ஊர் சிறு காட்டுத் திட்டுகள் உண்டு. சுற்றிலும் வாழையும் மக்காச்சோளமும் இருக்க, நடுவில் மட்டும் வானளாவிய மரங்கள் நிற்கும். சில திட்டுகள் இளைஞர்களுக்குச் சடங்கு நடத்திய காடுகள். மற்றவை ஒவ்வொரு குலத்தின் முன்னோர்க்கும் உரியவை. இறந்தவரைப் புதைத்துச் சில காலம் கழித்து மண்டையோட்டை எடுத்துவந்து, குலத்தின் காட்டில் முன்னோர்களின் வரிசையில் வைப்பது பழைய வழக்கம். அங்கே மரம் வெட்டக்கூடாது, விறகு பொறுக்கக்கூடாது, உரியவர் தவிர எவரும் நுழையக்கூடாது. பல காடுகள் ஊற்றுகளையும் ஓடைத் தலைகளையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன. மண்டையோட்டு வழக்கத்தைத் திகில் கதையாக்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் போக்கு இப்போது இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாத்தாவும் பூட்டனும் நிலத்தையும் நீரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிய மக்களுக்கு அது திகில் அல்ல, பொறுப்பு.

கிறிஸ்தவமும் இஸ்லாமும் வந்த பிறகு இந்தக் காடுகளின் அதிகாரம் தளர்ந்தது. வடக்கில் லூத்தரன் சபையும் இஸ்லாமும் வேரூன்றின. தெற்கில் 1903-இல் ஏலர்ஸ், என்ஸ் என்னும் இரு ஜெர்மன் ஊழியர்கள் கீதி என்ற இடத்தில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் பணியைத் தொடங்கினார்கள்; தான்சானியாவில் அந்தச் சபையின் தொடக்கமே அதுதான். சபையோடு பள்ளிக்கூடமும் வந்தது. நிலம் சுருங்கிக்கொண்டே வந்த மலைமக்களுக்குப் பிள்ளையைப் படிக்க வைப்பதுதான் கைக்கு எட்டிய புதிய சொத்து. ஆசிரியர், எழுத்தர், மருத்துவப் பணியாளர் என்று பாரே இளைஞர்கள் நாடெங்கும் பரவியதற்கு இதுவே காரணம்.

மதம் மாறியதால் மட்டுமே காடு அழிந்தது என்று சொல்வது எளிது, ஆனால் முழு உண்மையாகாது. பிரிட்டிஷ் ஆட்சி தலைவர்களைச் சம்பளம் வாங்கும் அலுவலர்களாக்கியது. சுதந்திரத்துக்குப் பின் 1963-இல் தலைமைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. உஜாமா என்னும் கிராம சோஷலிசக் கொள்கையின் காலத்தில் நிலமும் காடும் கிராம அரசின் பொறுப்புக்குப் போயின. குலப் பெரியவர் காவல் காத்த காடு எவருக்கும் உரியதல்லாத காடாயிற்று. வாய்க்கால்களுக்கும் இதே கதிதான் பல இடங்களில் நேர்ந்தது. மக்களுக்கு அக்கறை குறைந்தது என்று குற்றம் சாட்டுகிறவர்கள், அக்கறையைச் செயல்படுத்தும் அதிகாரம் அவர்கள் கையிலிருந்து எடுக்கப்பட்டதை மறந்துவிடுகிறார்கள்.

பாரே மக்களின் கணக்குணர்வு அரசியலாக வெடித்தது 1945-இல். அதுவரை ஆணுக்கு இவ்வளவு என்று ஒரே அளவு தலைவரி. தலைவர்கள் மன்றமும் பிரிட்டிஷ் நிர்வாகமும் அதை மாற்றி, ஒவ்வொருவரின் சொத்தையும் வருமானத்தையும் மதிப்பிட்டுப் படிநிலை வரி விதிக்க முடிவு செய்தன. காகிதத்தில் பார்த்தால் அது நியாயமான வரி. ஊரிலோ, ஒருவனிடம் எத்தனை மாடு, எத்தனை வாழை என்று எண்ணும் உரிமை தலைவரின் ஆட்கள் கையில் போய்ச் சேர்ந்தது. வேண்டாதவனுக்குக் கூடுதல், வேண்டியவனுக்குக் குறைவு. ஆயிரக்கணக்கான ஆண்கள் மலையிறங்கிச் சாமேயில் மாவட்டத் தலைமையகத்தின் முன் வந்து அமர்ந்தார்கள். மாதக்கணக்கில் போகவில்லை. எம்பிரு போராட்டம் என்று வரலாற்றில் பதிந்திருப்பது இதுதான். கையில் ஆயுதம் எடுக்கவில்லை. வரி கட்ட மாட்டோம் என்றும் சொல்லவில்லை. பழைய முறையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே கோரிக்கை.

வீட்டில் ஆண்கள் இல்லாமல் வயலையும் குழந்தைகளையும் சுமந்தவர்கள் பெண்கள். 1946-இல் உசாங்கியில் அவர்கள் திரண்டு மாவட்ட அதிகாரியை மறித்தார்கள். எங்கள் கணவர்களோடு பேசித் தீர்த்து அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் நீங்களே எங்களுக்குப் பிள்ளை கொடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நீர்ப் பங்கீட்டுக் கூட்டங்களில் இடம் கிடைக்காத பெண்கள்தாம் இவர்கள். படிநிலை வரி கடைசியில் கைவிடப்பட்டது. தான்சானிய விடுதலை வரலாற்றில் தெற்கில் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து நடந்த மாஜி மாஜி எழுச்சிக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்தப் போராட்டத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

காபி மலைக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. வாழைநிழலில் வளர்ந்த அராபிகா செடிகள் பள்ளிக்கட்டணத்தைக் கட்டின, ஓலைக்கூரைக்குத் தகரம் போட்டன. சாமேயைத் தலைமையிடமாகக் கொண்ட வுவாசு கூட்டுறவு ஒன்றியம் கொள்முதலைப் பார்த்துக்கொண்டது. 1990-களில் உலகச் சந்தையில் விலை சரிந்தது, உள்நாட்டில் கொள்முதல் ஏற்பாடு தடுமாறியது, மருந்தும் உரமும் விலையேறின. கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பலர் அவரையும் காய்கறியும் போட்டார்கள். தென் பாரேயின் கிழக்குச் சரிவில், மாம்பா மியாம்பா வட்டாரத்தில், அந்த இடத்தை இஞ்சி பிடித்துக்கொண்டது. இஞ்சி சீக்கிரம் காசாகும். ஆனால் செங்குத்துச் சரிவில் மண்ணைக் கிளறித் தோண்டி எடுக்க வேண்டிய பயிர் அது. நீரும் அதிகம் கேட்கும். காபியும் வாழையும் பிடித்து வைத்திருந்த மண்ணை இஞ்சிப் பாத்தியால் பிடிக்க முடியாது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் பள்ளிக்கட்டணம் இந்த ஆண்டே கட்ட வேண்டியது.

சமவெளி வேறு பிழைப்புகளைத் தந்தது. கற்றாழைத் தோட்டங்களில் கூலிவேலை, இந்துங்கு பாசனத் திட்டத்தில் நெல், ஜிப்பே ஏரியிலும் நியும்பா யா முங்கு நீர்த்தேக்கத்திலும் மீன்பிடிப்பு. கிழக்குச் சமவெளியில் எம்கோமாசி வனவிலங்குக் காப்பகம் 1951-இல் அமைந்தது. 1988-இல் அங்கே மாடு மேய்த்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாசாய் மேய்ப்பர்களின் வழக்குதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தலைமுறைகளாக அங்கே மந்தை வைத்திருந்த பாரே குடும்பங்களும் மேய்ச்சலை இழந்தன. இன்று அது தேசியப் பூங்கா.

அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்காமல் பண்பாடு பற்றிப் பேசுவது சரியாகாது. மகாண்டே என்றால் தான்சானியாவில் பாரே வீடுகள்தான் நினைவுக்கு வரும். தோல் நீக்கிய உலர்ந்த மக்காச்சோளமும் அவரைக்கொட்டையும் ஒரே பானையில் வேகவேண்டும். கொட்டை மலர்ந்து சோளம் மெத்தென்று ஆகும் வரை மணிக்கணக்கில் தணல் வேண்டும். வெங்காயம், தக்காளி, இருந்தால் கொஞ்சம் எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால். காலையில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போய்வரலாம். ஒரு பானை இரண்டு வேளைக்கு வரும். விருந்துக்கும் சடங்குக்கும் கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்த தெங்கேலுவா. அடிவாரத்து மொச்சையை வீட்டில் எவ்வளவு உண்டாலும், நல்ல விலை கிடைப்பது எல்லைக்கு அப்பால் கென்யச் சந்தையில்.

இன்றைய சிக்கல் மறுபடி நீரில் வந்து நிற்கிறது. பாரே மலையின் மேற்குச் சரிவு நீரெல்லாம் பங்கானி ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. அந்த ஆற்றில் நியும்பா யா முங்கு, ஹாலே, புதிய பங்கானி அருவி என்று வரிசையாக மின் நிலையங்கள். கடைசி நிலையத்தின் திறன் மட்டும் 68 மெகாவாட். 1991-இல் பங்கானி படுகைக்கென்று தனி வாரியம் அமைந்தது. 2009 நீர்வளச் சட்டப்படி ஆற்றிலிருந்து நீர் திருப்புகிறவர்கள் வாரியத்திடம் அனுமதி பெற வேண்டும், பயனாளர் சங்கமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வழக்காற்று உரிமையைச் சட்டம் மதிக்கிறது என்றாலும் அதையும் எழுத்தில் பதிய வேண்டும். கொள்ளுத்தாத்தா வெட்டிய வாய்க்காலுக்கு அனுமதிச் சீட்டும் ஆண்டுக் கட்டணமும் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. படுகை முழுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று வாரியம் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

சாமே, முவாங்கா நகரங்களுக்கு நியும்பா யா முங்குவிலிருந்து குழாய்நீர் கொண்டுவரும் பெருந்திட்டம், 2014-இல் தொடங்கிப் பல முறை தடைபட்டு, 2025 மார்ச்சில் அதிபர் சாமியா சுலுஹு ஹசன் கையால் திறந்துவைக்கப்பட்டது. சமவெளி நகரங்களில் குடம் சுமந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. மலைச்சரிவு வயல்களுக்கு அந்தக் குழாய் ஏறாது. அங்கே சிமென்ட் பூசி, இரும்பு மதகு வைத்துச் சில குட்டைகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. மற்றவை வண்டல் மேடிட்டுக் கிடக்கின்றன. இளைஞர்கள் தார் எஸ் சலாமிலும் அருஷாவிலும் இருப்பதால், கூட்டுவேலைக்கு அழைப்பு வந்தால் பல வீடுகளிலிருந்து ஆளுக்குப் பதில் பணம்தான் வருகிறது. அந்தப் பணத்தை ஏற்றுக்கொள்வதா, வேலைக்கு ஆளே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதா என்பது இன்று நீர்க்குழுக்கள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம்.